நாலாவது கம்பம்



நம்ம இதழோட எடிட்டர் குழுவுல இருக்கிற நண்பன், "பைனல் இயர் வந்துட்ட, ஒரு பிளேஸ்மென்ட் அனுபவம் எழுதிக் குடுடா"ன்னு கேட்டான். அதை எழுத நம்ம காலேஜ்ல நிறைய பேர் இருக்காங்க. நான் எங்க அப்பாவோட முதுகு ஆபரேஷனைப் பத்தி எழுதறேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "சரி எழுது, எங்க அம்மாவுக்கும் முதுகு வலி இருக்கு"ன்னான். இதைப் படிக்கிற உங்கள்ல பல பேர் வீட்டுலயும் யாராவது ஒருத்தர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கிறவங்களா இருப்பாங்க. அதனாலதான் எழுதறேன்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அப்புறம் தமிழ்ல ரெண்டு பக்கத்துக்கு மேல எழுதறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. ஆனா இந்தக் கதையில என் இங்கிலீஷ் மீடியத்துக்கும் ஒரு பங்கு இருக்கு. நல்ல பங்கு இல்லை.

எங்க ஊர் குமாரபாளையம். காவேரிக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் பவானி. தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம் கேட்கிற ஊர். எங்க அப்பா முப்பது வருஷத்துக்கு மேல தறி ஓட்டறவர். தறி ஓட்டறதுன்னா உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. ஒரு ஆள் பல தறியைப் பார்த்துக்கணும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்ல நின்னுக்கிட்டோ, ரெண்டு வரிசைக்கு நடுவுல நடந்துக்கிட்டோதான் இருக்கணும். பாவு அறுந்தா குனிஞ்சு பிணைக்கணும், நாடாவுல நூல் தீர்ந்தா மாத்தணும். அந்தச் சம்பளத்துலதான் நான் மெட்ரிக் ஸ்கூல்ல படிச்சேன்.

அப்பாகிட்ட ஒரு பழக்கம் இருந்துச்சு. தெருமுனைக் கடைக்குப் போறதுன்னாலும் சைக்கிளை எடுப்பார். ஓட்டிக்கிட்டும் போக மாட்டார். ஹேண்டில்பார்ல ரெண்டு கையையும் ஊன்றி, கொஞ்சம் குனிஞ்ச மாதிரி தள்ளிக்கிட்டே நடப்பார். "எதுக்குப்பா இதைத் தள்ளிக்கிட்டுப் போறீங்க, வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா?"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். அவரும் சிரிப்பார். அந்த சைக்கிள் அவருக்கு ஊன்றுகோல்னு எனக்குத் தெரியாது. சொல்லப்போனா அவருக்கே தெரியாது.

நான் தேர்டு இயர் வந்த வருஷம், ஆடிப் பதினெட்டு அன்னைக்குக் குடும்பத்தோட ஆத்துக்குக் கிளம்பினோம். கூட்டமா இருக்கும்னு சைக்கிள், வண்டி எதையும் எடுக்கல. எங்க தெருவுல நாலாவது கரண்டுக் கம்பம் தாண்டினதும் அப்பா ஒரு வீட்டுத் திண்ணையில உட்கார்ந்துட்டார். ரெண்டு நிமிஷம் கழிச்சு எந்திரிச்சார், நல்லா நடந்தார். இன்னும் நாலு கம்பம் போனதும் ஒரு கடைப்படியில உட்கார்ந்தார். இப்படியே மூணு தடவை. பூஜைத் தட்டோட அம்மா வெயில்ல நின்னாங்க. "என்னப்பா, சின்னக் குழந்தை மாதிரி"ன்னு நான் எரிஞ்சு விழுந்தேன். அப்பா ஒண்ணும் சொல்லல. காலைத் தேய்ச்சு விட்டுக்கிட்டு எந்திரிச்சார்.

அதுக்கு முன்னாடியும் வைத்தியம் பார்க்காம இல்லை. மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போட்டார், எண்ணெய் தேய்ச்சார். "சுகர் இருக்கில்ல, அதான் கால் மதமதங்குது"ன்னு ஒருத்தர் சொன்னார், "கால்ல ரத்த ஓட்டம் கம்மி"ன்னு இன்னொருத்தர் சொன்னார். அப்பா எல்லாத்துக்கும் தலையாட்டினார். கடைசியா ஒரு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் ரெண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ்ல வந்துச்சு.

நான் பண்ணின தப்பு இங்கதான் ஆரம்பிக்குது.

ரிப்போர்ட்டை எங்கிட்ட குடுத்து, "என்ன போட்டிருக்குன்னு பாரு சாமி"ன்னார் அப்பா. எங்க குடும்பத்துல இங்கிலீஷ் படிக்கிற ஒரே ஆள் நான்தான். எல்4-எல்5 இடத்துல ஸ்டெனோசிஸ், 'சிவியர்', நரம்பு அழுத்தம்னு இருந்துச்சு. ஒவ்வொரு வார்த்தையா போன்ல தேடினேன். அஞ்சு நிமிஷத்துல பக்கவாதம், சக்கர நாற்காலி வரைக்கும் போயிட்டேன். வெளியே வந்து, "தண்டுவடம் நசுங்கிப் போயிருக்குப்பா"ன்னு சொன்னேன்.

அது தப்பு. எவ்வளவு பெரிய தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பெரியவங்களுக்குத் தண்டுவடம் இடுப்பு வரைக்கும் வர்றதில்லை. எல்1, எல்2 பக்கமே அது முடிஞ்சிடுது. அதுக்குக் கீழே தனித்தனி நரம்புகள் ஒரு கொத்தாத் தொங்கும். குதிரை வால் மாதிரி இருக்கிறதால டாக்டர்கள் அதுக்குக் குதிரை வால்னே லத்தீன்ல பேர் வச்சிருக்காங்க. அப்பாவுக்கு நெருக்கடி அந்த வாலுக்குத்தான், தண்டுவடத்துக்கு இல்லை. நரம்புகள் தண்டுவடத்தைவிட நெருக்கடியைக் கொஞ்சம் நல்லாவே தாங்கும். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியல. ஆனா தெரிஞ்ச மாதிரி சொன்னேன்.

அடுத்த எட்டு நாள் அப்பா தறிக்குப் போகல. நசுங்கினது இன்னும் நசுங்கிடும்னு பயந்து கட்டில்லயே படுத்திருந்தார். அம்மா தோட்டை அடகு வச்சுட்டு வந்தாங்க. அப்பத்தா, "முதுகுல கத்தி வெச்சா எந்திரிக்கவே முடியாதுங்கடா, வேண்டாம்டா"ன்னு அழுதாங்க. ஒரு ராத்திரி அப்பா என்னைக் கூப்பிட்டு, "உன்ற படிப்பு முடியற வரைக்கும் காலு இருந்தாப் போதும் சாமி. அதுக்கப்புறம் எப்படியோ போகட்டும்"னார். நான் சொன்ன ஒரு வாக்கியம் அவரை அங்க கொண்டுபோய் விட்டிருந்துச்சு.

ஒன்பதாவது நாள் ஈரோட்டுல ஒரு முதுகெலும்பு டாக்டரைப் பார்க்கப் போனோம். உள்ளே போனதும் நான் இங்கிலீஷ்ல ஆரம்பிச்சேன். அப்பாவுக்கு முதுகு வலி, கால் வலி, இத்தனை வருஷமா இருக்குன்னு கேஸ் பிரசன்டேஷன் மாதிரி சொன்னேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, நீங்க 'வலி'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்க. அவர் சொல்லட்டும்." அப்பா பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன பண்ணுதுங்க?"ன்னு கேட்டார்.

அப்பா சொன்னதை அப்படியே எழுதறேன்: "வலின்னு சொல்ல முடியாதுங்க சார். நாலு கம்பம் நடந்தா ரெண்டு காலும் கனத்துப் போயிருமுங்க, ஈரச் சாக்கைக் கட்டி வெச்ச மாதிரி. தொடையிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் இழுத்துப் பிடிக்குமுங்க. அப்புறம் பாதம் மதமதன்னு ஆயிருமுங்க. உக்காந்தா ரெண்டு நிமிசத்துல ஒண்ணுமில்லாமப் போயிருமுங்க."

"நின்னுக்கிட்டே இருந்தா?"

"நின்னாலும் வருமுங்க. தறி மேல குனிஞ்சு பாவு பிணைக்கும்போது மட்டும் நல்லா இருக்குமுங்க."

"சைக்கிள் ஓட்டினா?"

"பவானி வரைக்கும் போயிட்டு வருவேனுங்க. ஒண்ணும் பண்ணாதுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வச்சார். அப்பா பாதத்து மேல விரல் வச்சு நாடித்துடிப்பைப் பார்த்தார், நல்லா இருந்துச்சு. "ரத்தக்குழாய் அடைப்பா இருந்தா, நடக்கிறதை நிறுத்தி நின்னாலே கால் வலி போயிடும். சைக்கிள் ஓட்டினாலும் வலிக்கும். இவருக்கு நின்னாப் போகல, குனிஞ்சாத்தான் போகுது. இது நரம்பு நெருக்கடி"ன்னார். ரிப்போர்ட் படிச்ச எனக்குப் புரியாதது, அப்பாவோட நாலு வாக்கியத்துல அவருக்குப் புரிஞ்சிடுச்சு. கனத்துப் போறது, இழுத்துப் பிடிக்கிறது, மதமதன்னு ஆறதுன்னு அப்பா தனித்தனியாச் சொன்ன மூணையும் நான் இங்கிலீஷ்ல ஒரே 'பெயின்' ஆக்கி வச்சிருந்தேன்.

இப்ப ஸ்பைனல் ஸ்டெனோசிஸ்னா என்னன்னு எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். முள்ளெலும்புகள் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, பின்பக்கம் ஒரு குழாய் மாதிரி வழி இருக்கு. அதுக்குள்ள நரம்புகள் போகுது. வயசாக ஆக முன்பக்கம் டிஸ்க் பிதுங்கும், ரெண்டு பக்கத்து மூட்டுகள் பெருக்கும், பின்பக்கம் இருக்கிற ஒரு மஞ்சள் நிற லிகமென்ட் தடிச்சுப் போகும். மூணு பக்கமிருந்தும் வழி குறுகும். நம்ம மெக்கானிக்கல் பாஷையில, கிளியரன்ஸ் போயிடுது. நிமிர்ந்து நின்னா அந்த லிகமென்ட் மடிஞ்சு உள்ளே தள்ளும், வழி இன்னும் குறுகும். குனிஞ்சா லிகமென்ட் இழுபட்டு வழி கொஞ்சம் அகலமாகும். அதனாலதான் அப்பாவுக்கு சைக்கிள் ஹேண்டில்பார் மருந்து மாதிரி வேலை செஞ்சுது. வெளிநாட்டுல இதே நோயாளிங்க சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியைப் பிடிச்சுக்கிட்டா நல்லா நடப்பாங்களாம். நம்ம ஊர்ல சைக்கிள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நெதர்லாந்து நரம்பியல் அறுவை நிபுணர் ஹெங்க் வெர்பீஸ்ட் 1954ல இந்த நோயை விளக்கமா எழுதினார். நடந்தா வரும், உட்கார்ந்தா போகும்ங்கிற இந்தக் கதையையும் குறுகின எலும்பு வழியையும் சேர்த்துப் பார்த்தவர் அவர். முன்-பின் அளவு 10 மில்லிமீட்டரும் அதுக்குக் கீழயும்னா நிச்சயமான நெருக்கடி, 10-லிருந்து 12 வரைக்கும் எல்லைக்கோடுன்னு அவர் வச்ச கணக்கு இன்னும் புழக்கத்துல இருக்கு.

அப்பாவோடது 10க்குக் கீழ. எஞ்சினியரிங் மூளை சும்மா இருக்குமா? "சார், டாலரன்ஸுக்கு வெளியே போயிடுச்சு, உடனே ஆபரேஷன் பண்ணணும் இல்லையா?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, "ஸ்கேன்ல இதைவிட மோசமா இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாம நடக்கிறவங்க இருக்காங்க. நான் ஸ்கேனுக்கு ஆபரேஷன் பண்றதில்லை தம்பி. இவர் எத்தனை கம்பம் நடக்கிறார்னு கணக்கு வச்சுக்கோங்க"ன்னார். அன்னையிலிருந்து கம்பக் கணக்கு எங்க வீட்டு நோட்டுல ஏறிச்சு.

ஆபரேஷன் உடனே பண்ணல. முதல்ல பிசியோதெரபி. முதுகைக் குனிய வைக்கிற பயிற்சி, வயித்துத் தசைக்குப் பயிற்சி, சைக்கிள். அப்பா அதைச் சாமி கும்பிடற மாதிரி ஒழுங்காச் செஞ்சார். இது சும்மா நாள் கடத்தறது இல்லை. அமெரிக்காவுல 169 நோயாளிகளை வச்சுப் பண்ணின ஒரு ஆய்வு 2015ல வந்துச்சு. பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு பிசியோதெரபின்னு பிரிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவுலதான் இருந்தாங்க. ஆனா அதுலயே இன்னொரு விஷயமும் இருக்கு. பிசியோதெரபி குழுவுல சேர்ந்தவங்கள்ல பாதிக்கு மேல, அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள ஆபரேஷனுக்கு மாறிட்டாங்க. அதாவது சிலருக்குப் பயிற்சியே போதும், சிலருக்குப் போதாது. யார் எந்தப் பக்கம்னு செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்.

அப்பா போதாத பக்கம். மூணு மாசத்துல நாலு கம்பம் ரெண்டரை ஆச்சு. ஒரு நாள் தறிக்குடோன்ல இருந்து ஒத்தைச் செருப்போட வீட்டுக்கு வந்தார். வலது கால் செருப்பு வழியில எங்கயோ கழண்டு விழுந்திருக்கு, அவருக்குத் தெரியவே இல்லை. அம்மா சிரிச்சாங்க. நான் சிரிக்கல. அடுத்த நாளே டாக்டர்கிட்ட போனோம். கட்டை விரலை மேல தூக்கச் சொன்னார். இடது விரல் வந்துச்சு, வலது விரல் பாதிதான் வந்துச்சு. "இனிமே தள்ளிப் போட வேண்டாம்"னார்.

அதுக்கப்புறமும் ஒரு குழப்பம். ரெண்டாவது கருத்துக் கேட்கலாம்னு இன்னொரு இடத்துக்குப் போனோம். அங்க எலும்பை எடுத்துட்டு ஸ்குரு, ராடு போட்டு ரெண்டு முள்ளெலும்பையும் இணைக்கலாம்னாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது. பின்ன, ஒரு பாகத்தை வெட்டி எடுத்தா சப்போர்ட் குடுக்கணும்ல? டிசைன் பாடத்துல அப்படித்தானே படிச்சோம்! முதல் டாக்டர்கிட்ட வந்து இதைச் சொன்னேன். அவர் அப்பாவைக் குனிய வச்சும் நிமிர வச்சும் எடுத்த எக்ஸ்-ரேக்களைக் காட்டினார். எலும்பு நகரல, இடத்துலயே இருந்துச்சு. "நகர்ந்து ஆட்டம் குடுத்தா இணைக்கிறதைப் பத்தி யோசிக்கணும். இங்க ஆட்டமே இல்லை. இறுக்கம் மட்டும்தான் பிரச்சினை, இறுக்கத்தை மட்டும் எடுப்போம்"னார். ஸ்வீடன்ல 247 பேரை வச்சுப் பண்ணி 2016ல வெளியான ஆய்வைப் பத்தியும் சொன்னார். எலும்பை எடுத்ததோட நிறுத்தினவங்களும், இணைப்பும் சேர்த்துப் பண்ணினவங்களும் ரெண்டு வருஷத்துல ஒரே மாதிரிதான் இருந்தாங்க. இணைப்புப் பண்ணினவங்களுக்கு ஆபரேஷன் நேரம், ரத்தப்போக்கு, செலவு மட்டும் அதிகம். உங்க வீட்டுல யாருக்காவது ஸ்குரு போடணும்னு சொன்னா அது தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா "எதுக்காகப் போடறீங்க, எலும்பு நகருதா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க.

பயம் போகல. தறி முதலாளிகிட்ட வாங்கின முன்பணம் பாக்கி இருந்துச்சு. மூணு மாசம் வேலைக்குப் போகலன்னா அது அப்படியே நிக்கும். ஆபரேஷன் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை கை குடுத்துச்சு. ஆனா வீட்டுச் செலவுக்கு எந்த அட்டையும் இல்லை. அம்மா ரெண்டு ஷிப்ட் போறேன்னாங்க. அப்பத்தாகிட்ட நான் உட்கார்ந்து இந்தத் தடவை சரியாச் சொன்னேன். "தண்டுவடத்துல கை வைக்கறதில்லை அப்பத்தா. நரம்பு போற வழியில ஒரு சுவர் நெருக்குது, அந்தச் சுவரை எடுக்கறாங்க." அப்பத்தா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்ப அதை மொதல்லயே இப்படிச் சொல்றதுக்கென்னடா?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்லை.

டிசம்பர் செமஸ்டர் லீவுல ஆபரேஷன். டாக்டர் எதையும் மறைக்கல. நரம்பைச் சுத்தி இருக்கிற உறை கிழியலாம், கிழிஞ்சா தைப்போம், சில நாள் கூடப் படுத்திருக்கணும். கிருமித் தொற்று வரலாம், சுகர் இருக்கிறதால அதைக் கட்டுக்குள்ள வச்சுத்தான் தொடங்குவோம். நரம்புல காயம் படறது அரிது, ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். அப்பா கேட்ட ஒரே கேள்வி, "திரும்ப நடப்பனுங்களா?" டாக்டர், "நடக்கத்தான் பண்றோம். ஆனா முதுகு வலி முழுசாப் போகும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். கால் இழுப்பு முதல்ல போகும். மதமதப்பு போக மாசக் கணக்குல ஆகும், கொஞ்சம் தங்கவும் தங்கலாம்"னார்.

உள்ளே என்ன நடந்துச்சுன்னு அப்புறம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். மயக்கம் குடுத்து, குப்புறப் படுக்க வச்சு, வயிறு அழுந்தாம தொங்கற மாதிரி ஒரு சட்டத்து மேல வைக்கறாங்க. வயிறு அழுந்தினா முதுகுப் பக்கத்து ரத்தக்குழாய்கள் புடைச்சு ரத்தம் அதிகம் வருமாம். சின்னதா வெட்டி, தசையை விலக்கி, முள்ளெலும்போட பின்கூரையை எடுக்கறாங்க. அந்தக் கூரைக்குப் பேர் லேமினா, அதனாலதான் ஆபரேஷனுக்கு லேமினெக்டமின்னு பேர். அப்புறம் அந்தத் தடிச்ச மஞ்சள் லிகமென்ட்டை எடுத்து, ரெண்டு பக்கமும் பெருத்த எலும்பை நரம்புக்கு இடம் கிடைக்கிற அளவுக்குச் செதுக்கறாங்க. நரம்புக்கு எதையும் பண்றதில்லை. இடம் மட்டும்தான் குடுக்கறாங்க. மீதி வேலையை நரம்புதான் பார்த்துக்கணும்.

வெளியே நாங்க உட்கார்ந்திருந்த நேரத்தை நான் விவரிக்கப் போறதில்லை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

மறுநாள் காலையில சிறுநீர்க் குழாயை எடுத்தாங்க. நர்ஸம்மா அரை மணிக்கு ஒரு தடவை வந்து, "ஐயா, யூரின் போனீங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்த நரம்புகளும் அதே கொத்துலதான் இருக்கு, அதனாலதான் அவ்வளவு அக்கறை. அப்பாவுக்கு என் முன்னாடி கூச்சம். நான் திரைக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்னேன். சத்தம் கேட்டப்ப என் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இதையெல்லாம் காலேஜ் இதழ்ல எழுதலாமான்னு தெரியல. ஆனா அன்னைக்கு எங்களுக்கு அதுதான் செமஸ்டர் ரிசல்ட்.

மத்தியானமே எந்திரிச்சு நிக்க வச்சாங்க. நேரா எந்திரிக்கக் கூடாது. மரக்கட்டை உருளற மாதிரி உடம்பை ஒரே சேரப் புரட்டி, பக்கவாட்டுல படுத்து, காலைக் கீழே போட்டு, கையை ஊன்றி எந்திரிக்கணும். வார்டுல பத்தடி நடந்தார். "கால் எப்படிப்பா இருக்கு?" "சாக்கை அவுத்துட்டாங்க சாமி"ன்னார்.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் நிஜமான வேலை ஆரம்பிச்சுது. ஆறு வாரத்துக்குக் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, உடம்பைத் திருகக் கூடாது. சொல்றதுக்கு ஈஸி. ஆனா நம்ம வீட்டுல எல்லாமே தரையிலதான் நடக்குது. சாப்பாடு, படுக்கை, டிவி பார்க்கிறது, எல்லாம் தரை. கக்கூஸ் குத்த வச்சு உட்கார்றது. முதல் நாள் காலையிலேயே ஓடிப்போய் நடுவுல ஓட்டை வச்ச பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிட்டு வந்தேன். ஆஸ்பத்திரியில இருந்து வர்றதுக்கு முன்னாடியே வாங்கி வைங்க, இது அனுபவத்துல சொல்றேன். கட்டில் உயரத்தைச் செங்கல் வச்சு ஏத்தினோம். மலச்சிக்கல் வராம பழம், கீரை, தண்ணி. முக்கினா முதுகுக்கு ஆகாது. அரை மணி நேரத்துக்கு மேல ஒரே இடத்துல உட்கார விடல.

மருந்துன்னு பார்த்தா நடைதான். முதல் வாரம் வாசல் வரைக்கும். தையல் பிரிச்சப்போ ரெண்டு கம்பம். மூணாவது வாரம் நாலாவது கம்பத்தைத் தொட்டுட்டு நிக்காமத் திரும்பி வந்தார். அம்மா வாசல்ல நின்னு பார்த்தாங்க. நான் நோட்டுல எழுதினேன்.

அந்த உற்சாகத்துல ஒரு தப்புப் பண்ணினார். நாங்க இல்லாதப்போ தறிக்குடோன் வரைக்கும் நடந்துபோய், ஒரு மணி நேரம் நின்னு பேசிட்டு வந்தார். அன்னைக்கு ராத்திரி வலது கால்ல பழைய இழுப்பு. வீடே இடிஞ்சு போச்சு. அப்பத்தா, "அப்பவே சொன்னேன்"னாங்க. டாக்டர் பரிசோதிச்சுட்டு, "வழி அகலமாயிடுச்சு, ஆனா வருஷக்கணக்கா நசுங்கின நரம்பு இன்னும் ஆறல. ஒரே நாள்ல இவ்வளவு வேலை குடுத்தா கோவிச்சுக்கத்தான் செய்யும்"னு சொல்லி, ரெண்டு நாள் குறைச்சுட்டு மறுபடி ஏத்தச் சொன்னார். போயிடுச்சு. ஆனா அந்த ரெண்டு நாள் அப்பா யார்கிட்டயும் பேசல. இந்த மாதிரிச் சறுக்கல் வரும்னு முன்னாடியே வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க. அதைத் தோல்வின்னு நினைச்சுட்டா அவங்க நடக்கிறதையே விட்டுடுவாங்க.

மூணு மாசம் கழிச்சு வேலைக்குப் போனார். பழைய மாதிரி இல்லை. பாவு பீம் தூக்கறதில்லை, பார்க்கிற தறி எண்ணிக்கையும் பாதி. சம்பளமும் அதுக்குத் தகுந்த மாதிரிதான். இதைச் சந்தோஷமான முடிவு மாதிரி நான் சொல்ல மாட்டேன். முன்பணப் பாக்கி இன்னும் இருக்கு. எனக்கு வேலை கிடைச்சதும் முதல்ல அதைத்தான் அடைக்கணும். வலது கட்டை விரல் முக்கால்வாசி தூக்குது. பாதத்துல கொஞ்சம் மதமதப்பு தங்கிடுச்சு. சுகர் இருக்கிறதால தினமும் ராத்திரி அம்மா அந்தப் பாதத்தைப் பார்த்து, காயம் ஏதாவது இருக்கான்னு தேடறாங்க.

ஆனா இந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துக்கு நடந்தே போனோம். நாலாவது கம்பம் வந்துச்சு. நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கல, பேசிக்கிட்டே தாண்டிப் போனார். வழியில ஒரே ஒரு தடவை உட்கார்ந்தார். அதுவும் அப்பத்தாவுக்குத் துணையா.

மக்களே, உங்ககிட்ட ரெண்டே விஷயம் சொல்லணும்.

முதல் விஷயம், எச்சரிக்கை. முதுகுப் பிரச்சினை இருக்கிற யாருக்காவது திடீர்னு சிறுநீர், மலம் அடங்காமப் போனாலோ, சிறுநீர் வராம நின்னாலோ, தொடை இடுக்கு, உட்கார்ற இடம் மரத்துப் போனாலோ, கால் வேகமா பலமிழந்தாலோ காத்திருக்காதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

ரெண்டாவது, இந்த வாரம் ஊருக்குப் போகும்போது அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ "வலி இருக்கா?"ன்னு கேட்காதீங்க. "அதெல்லாம் ஒண்ணுமில்லை"ன்னுதான் சொல்வாங்க. "நிக்காம எவ்வளவு தூரம் நடக்க முடியுது? என்ன பண்ணினா சரியாகுது?"ன்னு கேளுங்க. அவங்க சொல்ற வார்த்தையை மாத்தாம, மொழிபெயர்க்காம, அப்படியே டாக்டர்கிட்ட போய்ச் சேர விடுங்க.

அப்பா இப்பவும் கடைக்குப் போக சைக்கிள் எடுக்கிறார். ஆனா தள்ளிக்கிட்டுப் போறதில்லை, ஓட்டிக்கிட்டுத்தான் போறார்.